பதில் உண்டு, ஆள் இல்லை

கந்தோர் வாசலிலே கால் கடுக்க நின்ற அநுபவம் எமது வாசகர்களிற் பலருக்கு இருக்கும். எமக்கும் உண்டு. காணி உறுதியொன்றின் பிரதிக்காக ஒரு சித்திரை மாதம் முழுவதும் ஒரே இலிகிதரின் மேசை முன்னே நாம் தவங்கிடந்திருக்கிறோம். "நாளைக்கு வாருங்கள்" என்பார். மறுநாள் சென்றால் "பெரியவர் வரவில்லை" என்பார். அதற்கு மறுநாள் சென்றால் அவரே வந்திருக்கமாட்டார். அந்நாளில் அவரை மனத்துள் வையாத வசை இல்லை. இன்றோ அவரை நினைக்குந்தோறும் எமக்கு ஒருவித வாஞ்சை உண்டாகிறது. அவருக்கு ஒரு முகம் இருந்தது; மூக்குக்கண்ணாடி இருந்தது. எம்மைத் திரும்பத் திரும்பக் கண்டு, ஒருநாள் அவருக்கு வெட்கமும் வந்தது. வெட்கப்பட்டதற்கு மறுநாள் பிரதி கைக்கு வந்து சேர்ந்தது.

சென்ற தை மாதத்தில் நாம் வழக்காடப் புகுந்த இடத்திலே வெட்கப்படுவதற்கு ஒருவருமே இருக்கவில்லை. அந்தக் கதையையே இவ்வாரம் சொல்லப் போகிறோம்.

எமது ஊர் வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990ஆம் ஆண்டில் நாம் அங்கிருந்து இடம்பெயர்ந்தோம். பின்னர் அப்பகுதி பாதுகாப்பு வலயமாயிற்று. நெடுங்காலம் கழித்துக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்றவர்கள் கண்டது பற்றைக்காடு. வேலியில்லை, எல்லைக் கல்லில்லை, சில வளவுகளிலே வீடு இருந்ததற்கு அடையாளமும் இல்லை. யாழ்ப்பாணத்துக் காணி ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டென்பதையும், உறுதியிலே அப்பெயர் எழுதப்படும் என்பதையும் வாசகர் அறிவர். எமது தாயாருக்கு ஊரிலுள்ள காணிப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். நாவலடித் தோட்டம் எங்கே முடிகிறது, அதற்கும் பூவரசடி வளவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை எந்தக் கிணற்றடியில் திரும்புகிறது, அக்கிணற்று நீர் எந்த மாதத்தில் உவர்க்கும் என்றெல்லாம் திண்ணையிலிருந்தபடியே சொல்வார். 2013ஆம் ஆண்டு முதலாக அவர் சொல்லச் சொல்ல நாம் கொப்பியில் எழுதினோம். எழுதியதை ஞாயிறு இரவுகளிலே தட்டெழுதி வலைப்பதிவொன்றில் ஏற்றினோம். 2019இல் அவர் காலமானார். கொப்பிகளில் மிச்சம் இருந்தமையால் எமது வேலை நிற்கவில்லை.

வலைப்பதிவு என்பது யாதென்று பேரப்பிள்ளைகள் உள்ள வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஏனையோர் அதனை இப்படி எண்ணிக்கொள்ளலாம். பிறதேசத்திலே ஒரு கம்பனி பெரிய மண்டபமொன்றைக் கட்டி, அதிலே கோடிக்கணக்கான இறாக்கைகளை அடித்து வைத்திருக்கிறது. ஓர் இறாக்கையை நாம் பிடித்துக்கொண்டால் எமது எழுத்தை அதில் வைக்கலாம். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவரும் வந்து வாசிக்கலாம். வாசித்தவர் தமது குறிப்பையும் அதன் கீழே எழுதிவைக்கலாம். எமது இறாக்கை இலவசமானதன்று. ஆண்டுதோறும் சந்தா கட்டினோம். எமது மகளின் வங்கி அட்டையிலிருந்து அது தவறாமற் கழிந்து வந்தது.

வாசகர் எழுதிய குறிப்புகளே எமக்குப் பொக்கிஷம். "அந்தக் கிணறு எங்கள் அப்பு வெட்டியது" என்று பாரிஸிலிருந்து ஒருவர் எழுதுவார். "அந்தப் புளி 1964ஆம் ஆண்டுப் புயலில் விழுந்தது, அதற்குப் பின்பு அந்த இடத்தைப் புளியடி என்பது பிழை" என்று இலண்டனிலிருந்து ஒருவர் மறுப்பார். கனடாவின் ஸ்காபரோ நகரில் வாழும் எமதூர் மூதாட்டி ஒருவர் பேத்தியின் உதவியோடு வாரந்தவறாமல் எழுதுவார். அவரை நாம் அக்கா என்றே அழைப்போம். ஓர் ஒழுங்கையின் அகலத்தைப் பற்றி அவருக்கும் எமக்கும் மார்கழி மாதம் முழுவதும் வழக்கு நடந்தது. தாயார் சொன்னவை கொப்பியில் இருக்கின்றன, மீண்டும் எழுதிவிடலாம். உலகெங்கும் சிதறிய ஓர் ஊர் தன் நினைவிலிருந்து எழுதிச் சேர்த்த இக்குறிப்புகளோ அந்த இறாக்கையைத் தவிர வேறெங்கும் இருக்கவில்லை. அவற்றுக்குப் பிரதி எடுத்து வையாதது எமது பிழை. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை.

தைப்பொங்கலன்று மருமகன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். கொப்பியில் எஞ்சியிருந்த குறிப்புகளைக் கண்டு, "மாமா, இதை ஏன் கிழமைக்கு ஒன்றாய் இழுக்கிறீர்கள்?" என்று கேட்டு, அன்றிரவே முப்பத்தெட்டுக் குறிப்புகளை ஒன்றாக ஏற்றிவிட்டான். மறுநாட் காலை பால் தேநீரோடு கணினி முன்னே அமர்ந்தால், எமது பக்கம் இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வசனம். இந்தக் கணக்கு எமது விதிமுறைகளை மீறியமையால் நிறுத்தப்பட்டுள்ளது என்பது அதன் சாரம். எந்த விதி, எந்த எழுத்து, எந்த நாள் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முப்பத்தெட்டுக் குறிப்புகள் ஓரிரவில் வந்ததைக் கண்டு, விளம்பரக் குப்பையைக் கொட்டும் கூட்டத்தார் எவரோ வந்துவிட்டார் என்று அங்கிருக்கும் காவல் இயந்திரம் நினைத்திருக்கக்கூடும். இது எமது ஊகம். கம்பனி இதனை ஒருபோதும் சொல்லவில்லை.

உதவி கோருவோருக்கென ஒரு பக்கம் இருந்தது. அங்கே சென்றோம். உமது ஐயம் என்ன என்று கேட்டுப் பத்து விடைகளைக் காட்டிற்று. பத்தும் எமது ஐயத்துக்கு உரியவையல்ல. "இவை உதவவில்லையாயின் எமக்கு எழுதுக" என்று அடியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால், "முதலில் உமது கணக்கினுள் நுழைக" என்றது. நுழைய முயன்றால், "உமது கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது, உதவிப் பக்கத்துக்குச் செல்க" என்றது. செக்குமாடு போல அன்று முற்பகல் முழுவதும் இந்த வட்டத்திலேயே சுற்றினோம். பொங்கற் பானை கழுவாமற் கிடந்தது. இல்லாள் ஒன்றும் பேசவில்லை. ஆனால் பானையைச் சற்றுச் சத்தமாகவே எடுத்துச் சென்றார்.

கடைசியில் ஒரு மின்னஞ்சல் முகவரி அகப்பட்டது. எழுதினோம். இரண்டு நிமிடத்தில் பதில் வந்ததும் உள்ளம் குளிர்ந்தோம். "உமது முறைப்பாடு எமக்கு மிகவும் முக்கியமானது" என்று தொடங்கி, பன்னிரண்டு இலக்கங்கொண்ட முறைப்பாட்டு எண்ணொன்றைத் தந்து, இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்று முடிந்திருந்தது அக்கடிதம்.

நான்காம் நாள் ஒரு பெண்ணின் பெயரோடு கடிதம் வந்தது. எமது ஏமாற்றத்தைத் தாம் முழுமையாக உணர்வதாக அவர் எழுதியிருந்தார். கணக்கு எம்முடையது என்பதற்கு அத்தாட்சியாக, அதைத் தொடங்கிய திகதியையும் அந்நாளில் நாம் பாவித்த தொலைபேசி இலக்கத்தையும் கேட்டிருந்தார். திகதியைத் தாயாரின் கொப்பியிற் பார்த்து அனுப்பினோம். பழைய இலக்கத்தையும் ஒருவாறு தேடிப் பிடித்து அனுப்பினோம். எட்டாம் நாள் ஓர் ஆணின் பெயரோடு பதில் வந்தது. எமது ஏமாற்றத்தை அவரும் முழுமையாகவே உணர்ந்தார். தொடங்கிய திகதியையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டார். பதின்மூன்றாம் நாள் மூன்றாமவர் வந்தார். எமது ஏமாற்றத்தை எமக்குப் பதிலாக உணர்வதற்கென்றே அங்கே ஒரு பகுதி நடைபெறுகிறது போலும்!

தொலைபேசி வசதி இல்லை. நேரடியாக எழுதிப் பேசும் வசதி உண்டு என்றார்கள். ஆனால் அது அமெரிக்காவின் மேற்குக் கரைக் கந்தோர் நேரத்திற்கு உரியது. அங்கே காலை 9 மணியாகும்போது தை மாதத்தில் இங்கே இரவு 10.30. போர்வையைப் போர்த்துக்கொண்டு காத்திருந்தோம். வந்தது மனிதரல்லர் என்பதை அறியச் சற்று நேரம் எடுத்தது. "எமது தாயாரின் குறிப்புகள் காணாமற் போயின" என்று எழுதினால், "உங்கள் தாயாரைப் பற்றி அறிந்து வருந்துகிறேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று வந்தது பதில்.

இத்தகைய இயந்திரப் பேச்சு இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே யோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் 1966இல் எலைசா என்னும் கணினி நிரலைப் பற்றி எழுதி வெளியிட்டார். "எனக்குத் தாயார்மேல் வருத்தம்" என்று ஒருவர் தட்டெழுதினால், "உமது குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லும்" என்னும் பாங்கில் அது சொல்லைத் திருப்பிப் போடும். அதற்கு ஒன்றுமே விளங்காது. ஆயினும், அவர் அதை மாதக்கணக்கில் அமைத்ததைக் கண்ணால் கண்ட அவருடைய காரியதரிசியே, அதனோடு பேசத் தொடங்கியதும் அவரைச் சற்று வெளியே போகும்படி கேட்டாராம். அது கண்டு திடுக்கிட்ட பேராசிரியர், மனிதன் செய்ய வேண்டிய சில காரியங்களைக் கணினியிடம் ஒப்படைக்கலாகாது என்று எச்சரித்து 1976இல் ஒரு நூலே எழுதினார். இன்றைய இயந்திரங்கள் எலைசாவைப் பார்க்கிலும் பன்மடங்கு கெட்டிக்காரத்தனமானவை. எமக்கு அவற்றின்மேற் பகையில்லை. வாசலிலே அவற்றை நிறுத்திவிட்டு உள்ளே ஒருவரும் இராமற் போவதே எமது வழக்கு.

இயந்திரம் சொன்னதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி கனடாவிலே நியாயசபை வரைக்கும் போயிற்று. 2022இல் பாட்டியை இழந்த பிரயாணி ஒருவர், மரணவீட்டுக்குச் செல்வோர்க்கான கட்டணச் சலுகை பற்றி எயார் கனடா விமான சேவையின் உரையாடல் இயந்திரத்திடம் வினவினார். பயணஞ் செய்த பின்பும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது அது. அவ்வாறே அவர் விண்ணப்பிக்க, அப்படி விதி இல்லையென்று சேவை மறுத்துவிட்டது. வழக்கிலே அந்த இயந்திரம் தன் செயலுக்குத் தானே பொறுப்பான வேறோர் ஆள் என்னும் தோரணையில் சேவை வாதாடிற்று. 2024 பெப்ரவரியில் பிரித்தானிய கொலம்பியா மாகாண நியாயசபை அவ்வாதத்தை ஏற்க மறுத்து, பிரயாணிக்கு நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. தொகை பெரிதன்று. ஆனால் இயந்திரத்தின் பின்னே ஓர் ஆளைத் தேடிப் பிடித்த தீர்ப்பு அது.

நிற்க. இருபதாம் நாள் அதே கம்பனியிடமிருந்து வேறொரு கடிதம் வந்தது. ஆண்டுச் சந்தாவுக்குரிய காலம் நெருங்குவதாகவும், தடையின்றிச் சேவையைத் தொடர்ந்து அநுபவிப்பதற்கு வங்கி அட்டை விவரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும்படியும் அது அன்போடு நினைவூட்டிற்று. நிறுத்திய பகுதியார்க்கும் பணம் வாங்கும் பகுதியார்க்கும் பேச்சுவார்த்தை இல்லைப்போலும். பணப் பகுதிக்கு எழுதியதும் ஆறு மணித்தியாலத்திலே மனிதர் ஒருவரே பதில் எழுதினார். அது தமது பகுதிக்குரிய விஷயமன்று என்றார்.

அந்தப் பெயர்களுக்குப் பின்னாலிருக்கும் பிள்ளைகளை நாம் குறை கூறவில்லை. எந்த நாட்டிலோ இரா விழித்து, ஒரு கடிதத்துக்கு இத்தனை நிமிடம் என்று எண்ணப்பட்டு வேலை செய்பவர்களாக அவர்கள் இருக்கலாம். எத்தனை பேர் அழைத்தால் எத்தனை பேரை இருத்த வேண்டும் என்ற கணக்கு ஒன்றும் புதிதன்று. கொப்பன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பனிக்கு உழைத்த ஏர்லாங் என்னும் தேனியக் கணிதர் 1909ஆம் ஆண்டிலேயே தொலைபேசி அழைப்புக்களின் வருகையை ஆராய்ந்து எழுதத் தொடங்கிவிட்டார். ஆளை இருத்தலாம். அவர் கையில் திறப்பு இல்லாவிட்டால் இருத்தி என்ன பயன்? எமக்கு எழுதிய மூவரில் ஒருவருக்கேனும் நிறுத்தியதை நீக்கும் அதிகாரமோ, காரணத்தைச் சொல்லும் அதிகாரமோ இருந்ததாகத் தெரியவில்லை. எமது பழைய இலிகிதரிடம் அலுமாரித் திறப்பாவது இருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தார் இதை உணர்ந்திருக்கிறார்கள். 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த அவர்களது இலக்கமுறைச் சேவைகள் சட்டத்தின்படி, பிறர் எழுத்துக்கு இடங்கொடுக்கும் சேவையொன்று அதை நீக்கினாலோ கணக்கை நிறுத்தினாலோ தெளிவான காரணங் கூற வேண்டும். சிறு நிறுவனங்கள் நீங்கலாக, பொதுமக்களுக்கு எழுத்தைப் பரப்பும் தளங்கள் மேன்முறையீட்டை இயந்திரத்தை மாத்திரம் கொண்டு தீர்க்கவும் கூடாது. எமது நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாங்கக் கந்தோர்களைக் கட்டுப்படுத்துகிறது. கோரிய தகவலைத் தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். நாம் வைத கச்சேரிக்கு இன்று தவணை உண்டு. சந்தா வாங்கிய கம்பனிக்கு எம்மைப் பொறுத்தவரையில் தவணையே இல்லை.

இதற்கிடையில், போனவை நிரந்தரமாகப் போயினவோ என்ற பயம் எம்மைப் பிடித்தது. பயத்திற்கு நியாயம் உண்டு. ஜேர்னல்ஸ்பேஸ் என்ற வலைப்பதிவுச் சேவை, ஒரு தட்டில் எழுதுவதை அப்படியே மற்றத் தட்டிலும் எழுதும் ஏற்பாட்டையே காப்பு என்று நம்பியிருந்தது. ஒன்று அழிந்தபோது மற்றதும் கண்ணாடி போல அழிந்தது. வேறு பிரதி இருக்கவில்லை. 2009 தொடக்கத்தில் சேவையே மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் யாகூ கம்பனி ஜியோசிற்றிஸ் என்ற பெருமண்டபத்தை மூடிற்று. தொண்டர்கள் ஓடியோடிப் பிரதி எடுத்ததனால் அதிற் பெரும்பகுதி பிழைத்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்த ரைப்பாட் சேவையும் 2025 செப்ரெம்பர் 30ஆம் திகதி கதவடைத்தது. ஆயினும் அங்கே முன்னறிவித்தல் கொடுத்தார்கள். எடுத்துக்கொண்டு போக ஒரு மாதமாவது இருந்தது.

1996இல் தொடங்கப்பட்ட இணைய ஆவணகம் என்ற தரும ஸ்தாபனம் உலகத்து வலைப்பக்கங்களை இடையிடையே பிரதி எடுத்து வைக்கிறது. மருமகன் குற்றவுணர்ச்சியோடு இரவிரவாக அதிலே தேடி, எமது 412 குறிப்புகளில் 163ஐ வாசகர் குறிப்புகளுடன் மீட்டான். ஒழுங்கை வழக்கு அதில் இல்லை. ஆவணகத்தின் இயந்திரம் கடைசியாக எம்மிடம் வந்து போனது ஐப்பசியில்.

இருபத்தாறாம் நாள் ஸ்காபரோவிலிருந்து தொலைபேசி. அக்காவின் குரல் வழமைபோல இல்லை.

"தம்பி, ஒழுங்கையைப் பற்றி நான் எழுதினது பிடிக்காமல்தானே எல்லாத்தையும் எடுத்துப்போட்டியள்?"

எமக்குப் பேச்சு வரவில்லை. மூன்று வாரமாக அந்த முதியவர் இப்படி எண்ணியிருக்கிறார்! அவருடைய பகுதியாரும் எமது பகுதியாரும் இது விஷயமாக இரண்டு கல்யாண வீடுகளிலே முகங்கொடுத்துப் பேசவில்லை என்பதும் பின்னர்தான் தெரியவந்தது. கம்பனி எழுதிய கடிதங்களைத் தமிழில் வாசித்துக் காட்டினோம்.

"உதிலை ஒருத்தரோடை கதைக்க ஏலாதோ?"

"ஒருவரும் இல்லை, அக்கா."

"ஒருத்தரும் இல்லாட்டி உந்தக் கடிதத்தை ஆர் எழுதினது?"

எலைசாவைப் பற்றி அவருக்குச் சொல்ல முயன்று தோற்றோம். நாம் சொன்னதை அவர் முற்றாக நம்பினார் என்றும் கூற முடியாது.

நாற்பத்துமூன்றாம் நாட் காலை எமது பக்கம் தானாகவே திரும்பி வந்தது. முதல் நாள் நாம் ஒன்றும் செய்யவில்லை, எவருக்கும் எழுதவில்லை. காரணமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. பொங்கலிரவு ஏற்றிய முப்பத்தெட்டு மாத்திரம் காணவில்லை. ஏனையவை யாவும், ஒழுங்கை வழக்கு உட்பட, இருந்தன. அரைமணி நேரங்கழித்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. எமது உதவிப் பகுதியின் சேவையை ஐந்து நட்சத்திரங்களில் எத்தனையாக மதிப்பிடுவீர் என்று அது கேட்டது.

அதற்கு விடையளிக்காமல், முழுவதையும் இரண்டு தட்டுகளில் இறக்கினோம். பின்பு சுன்னாகத்திலுள்ள அச்சகமொன்றிற்குக் கொடுத்துக் கடதாசியிலும் எடுத்தோம். தடித்த மட்டையோடு மூன்று பிரதிகள். ஒன்று மருமகனுடன் கொழும்புக்குப் போயிற்று. ஒன்று தபாலில் ஸ்காபரோவுக்குப் போயிற்று. சேர்ந்ததும் அக்கா தொலைபேசியில் வந்தார். பேத்தி ஒழுங்கைப் பக்கத்தை வாசித்துக் காட்டினாளாம். ஆறடி என்று அவர் இன்றும் நிற்கிறார். எமது தாயாரின் கொப்பி நாலரை அடி என்கிறது.